ஓகஸ்ட் விடுமுறைக்கு எந்தக் கடல்?

கேள்வி: நாங்கள் தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் வசிக்கிறோம். நான் பாடசாலை ஆசிரியை. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் என் கணவருக்கு ஓகஸ்ட் விடுமுறையில் நான்கு நாள் லீவு கிடைத்திருக்கிறது. கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற 67 வயது அம்மா, 12 வயது மகன், 7 வயது மகள், கணவருடைய தம்பியின் குடும்பம் என ஒன்பது பேர் கடற்கரைக்குப் போக நினைக்கிறோம். தம்பி ஆற்றில் நன்றாக நீந்துவார். மற்ற எவருக்கும் நீந்தத் தெரியாது. அம்மாவுக்கு முழங்கால் வலியும் பிரஷரும் இருக்கின்றன. மகன் திமிங்கிலம் பார்க்க மிரிஸ்ஸவுக்குப் போக வேண்டும் என்கிறான், தம்பி அறுகம்குடா என்கிறார், அயலவர்களில் சிலர் பெந்தோட்டை என்றும் சிலர் பாசிக்குடா என்றும் சொல்கிறார்கள். இதுவரை கடலையே பார்த்திராத அம்மாவோ, 1974இல் தன் அக்கா இந்தியாவுக்குப் போன கடலைக் காட்டினால் போதும் என்கிறார். எங்கே போவது நல்லது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஓகஸ்ட் மாதத்தில், நீந்தத் தெரியாத எட்டுப் பேரோடும் முழங்கால் வலியுள்ள அம்மாவோடும் போவதானால், மட்டக்களப்புப் பக்கத்துக் கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடாவுக்குப் போங்கள். ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து குடும்பங்களைக் கடற்கரைகளுக்கு அழைத்துச் செல்வதை இருபது வருடங்களுக்கு மேலாகத் தொழிலாகச் செய்துவரும் நான் இதைத் தயக்கமின்றிச் சொல்வேன். ஆனால் காரணம் தெரியாமல் ஏற்றுக்கொண்டால், புறப்படுவதற்கு முதல் நாள் யாராவது கைப்பேசியில் ஓர் அழகான படத்தைக் காட்டியதும் உங்கள் முடிவு மாறிவிடக்கூடும் என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் மக்கள் பொதுவாக ஊரின் பெயரைக் கொண்டே கடற்கரையைத் தெரிவு செய்கிறார்கள். இலங்கையில் முதலில் பார்க்க வேண்டியது மாதத்தைத்தான். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று பெந்தோட்டை உட்பட நீர்கொழும்பிலிருந்து மாத்தறை வரையுள்ள கடலைக் கொந்தளிக்க வைக்கிறது. அதே மாதங்களில் திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கத்துக் கடல் அடங்கிக் கிடக்கிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது இந்த நிலை அப்படியே மாறிவிடும். இதைப் பாடப்புத்தகத்தில் நீங்களே கற்பித்திருப்பீர்கள். ஆயினும் மலையகத்தில் பிறந்தவர்களுக்கு இதை நினைவில் வைத்துக்கொள்ள இன்னும் இலகுவான வழியொன்று உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை, வறண்ட காற்று வீசும் அந்த நாட்களில்தான் ஊவாத் தேயிலைக்குத் தரமும் மணமும் கூடுகின்றன. அந்த மாதங்கள் கிழக்குக் கரைக்கு உரியவை. ஜனவரி முதல் மார்ச் வரை, உங்கள் பகுதியான டிம்புள்ளத் தேயிலைக்குத் தரம் கூடுகிறது. அந்த மாதங்களில் தெற்குக்கும் மேற்குக்கும் போகலாம். ஓகஸ்டில் தெற்கிலும் மேற்கிலும் கடல் கொந்தளிப்பதற்கும் ஊவாத் தேயிலை மணப்பதற்கும் காரணம் ஒரே தென்மேற்குக் காற்றுதான். நாட்டிலேயே மழை மிகுந்த இடங்களுள் ஒன்றான வட்டவளையில் ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு மலையைத் தாண்டும் அந்தக் காற்று, பதுளைப் பக்கம் வறண்டு இறங்கி, மட்டக்களப்பில் கச்சான் காற்று என்று மக்கள் அழைக்கும் சூடான காற்றாகப் போய்ச் சேர்கிறது. எனவே ஓகஸ்டில் உங்கள் லயத்துக் கூரையில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தால், கிழக்கிலும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிப் பயணத்தைக் கைவிட்டுவிடாதீர்கள்.

இந்தத் தொழிலுக்கு வந்த ஆரம்ப வருடங்களில், ஒரு ஜூலை மாதம், தோட்டத்து இளைஞர்கள் இருபத்தைந்து பேரைத் தென்கரையிலுள்ள ஒரு கடற்கரைக்குக் கூட்டிச் சென்றேன். அவர்கள் விரும்பிக் கேட்ட இடம் அது, வெயிலும் நன்றாக எறித்தது. கரையில் சிவப்புக் கொடி நடப்பட்டிருந்ததைப் பார்த்தும், இடுப்பளவு நீரில்தானே நிற்கப் போகிறார்கள் என்று எண்ணி நான் அவர்களைத் தடுக்கவில்லை. கால் மணி நேரத்துக்குள், ஆற்றில் யாரையும் முந்தி நீந்தக்கூடிய பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனைக் கடல் இழுத்துக்கொண்டு போனது. வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் ஓடிவந்து மரப்பலகையொன்றின் உதவியோடு அவனைக் கரைசேர்த்தார். அவன் இன்று இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அன்று அவனுடைய தாயிடம் போய் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். அதன் பிறகு, மே முதல் செப்டெம்பர் வரை நீந்தத் தெரியாத எவரையும் குளிப்பதற்காகத் தென்கரைக்கு நான் அழைத்துச் சென்றதில்லை. எவ்வளவு பணம் தந்தாலும் அந்தப் பயணத்தை ஏற்பதில்லை.

அவனை இழுத்தது எது என்பதை உங்கள் கணவரின் தம்பி கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டும். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் நீர் எங்காவது ஒரு வழியாகத் திரும்பிப் போயாக வேண்டும். மணற்திட்டுகளுக்கு இடையில் பள்ளமான ஒரு வழி கிடைத்தால் அந்த நீரெல்லாம் அதில் திரண்டு, ஆற்றைப் போன்ற வேகத்தோடு கடலுக்குள் ஓடுகிறது. அந்த இடத்தில் அலை உடைவது குறைவாக இருக்கும். நீர் அமைதியாகத் தோன்றும். ஆகவே பழக்கமில்லாதவர்கள் பாதுகாப்பான இடம் என்று நினைத்துத் தேடிப்போய் அங்கேயே இறங்குகிறார்கள். ஆற்றில் நீந்திப் பழகியவர் அதில் அகப்பட்டதும் கரையை நோக்கியே முழுப் பலத்தோடு கைபோடுவார். களைத்து மூழ்குவது அதனால்தான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். அதற்கும் இயலாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். இதைத் தம்பிக்கு வீட்டிலேயே பொறுமையாகச் சொல்லுங்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: மது அருந்திய பின் எவரும் நீரில் இறங்கக் கூடாது. நம் பக்கத்துச் சுற்றுலாக்களில் பேச வெட்கப்பட்டுக் கடந்துவிடும் விடயம் இது. நீங்கள் புறப்படும் முன்னரே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

அறுகம்குடாவும் கிழக்கில்தானே இருக்கிறது என்று தம்பி கேட்கலாம். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தவர்களுக்கு மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாகப் போகக்கூடிய இலகுவான கடற்கரை அது என்பதும் உண்மை. ஆனால் உலகின் பல நாடுகளிலிருந்து அலைச்சறுக்கு வீரர்கள் அங்கே வந்து சேர்வது மே முதல் ஒக்டோபர் வரையான இந்த மாதங்களில்தான். தெற்கே தொலைதூரக் கடலில் பிறக்கும் பெரிய அலைகள் அப்போது அந்த முனையில் வந்து உடைகின்றன. அவர்களுக்கு அது வரம். உங்கள் ஏழு வயது மகளுக்கு அது பொருந்தாது. நிலாவெளியும் உப்புவெளியும் ஓகஸ்டில் மிக அழகானவை, கடலும் அமைதியாகவே இருக்கும். ஆயினும் உங்கள் ஊரிலிருந்து தூரம் இன்னும் சற்றுக் கூடுதல் என்பதால் நான்கு நாள் பயணத்துக்கு அவற்றை நான் சொல்லமாட்டேன். மகனின் திமிங்கில ஆசையைப் பற்றி அவனிடம் உண்மையைச் சொல்லுங்கள்: மிரிஸ்ஸக் கடலில் நீலத்திமிங்கிலம் பார்க்கும் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான். ஓகஸ்டில் அங்கு போனால் கொந்தளிக்கும் கடலையே பார்ப்பான். இன்னொரு டிசம்பருக்கு அவனிடம் வாக்குக் கொடுத்து, அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

இனி பாசிக்குடாவைப் பற்றி. வளைந்து உள்வாங்கிய குடா அது. அடிப்பகுதி மணலாகவும் சரிவு மிக மெதுவாகவும் இருப்பதால், கரையிலிருந்து வெகுதூரம் நடந்து போனாலும் நீர் இடுப்பைத் தாண்டாது. வெளியே இருக்கும் முருகைக்கற்கள், அதாவது பவளப்பாறைகள், அலையின் வேகத்தைத் தணித்துவிடுகின்றன. முதன்முதலாகக் கடலில் இறங்கும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை இந்தத் தீவில் நான் கண்டதில்லை. ஆயினும் ஆழமில்லை என்பதற்காகக் கவனத்தைத் தளரவிடாதீர்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு இடுப்பளவு என்பது உங்களுக்கு முழங்காலுக்குச் சற்று மேல்தான். பிள்ளைகள் நீரில் நிற்கும் நேரமெல்லாம், கைப்பேசியைக் கையில் எடுக்காமல், அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஒரு பெரியவரை முறைவைத்து நியமியுங்கள். மணலில் உடைந்த முருகைக்கல் துண்டுகள் கிடக்கும் என்பதால் பிள்ளைகளுக்கு இறப்பர் செருப்போ பழைய சப்பாத்தோ இருக்கட்டும். படகுச்சவாரிக்கு அழைப்பார்கள். ஒவ்வொருவருக்கும், பிள்ளைகளுக்கு அவர்களுடைய அளவிலேயே, உயிர்காப்பு அங்கி தந்தால் மட்டும் ஏறுங்கள். பக்கத்திலேயே இருக்கும் கல்குடாக் கரை ஆரவாரமில்லாமல் அழகாக இருக்கும். அது திறந்த கடல் என்பதால் மாலை நடைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு நகரை ஒட்டிய கல்லடிக் கடற்கரைக்கும் இதையே சொல்வேன்.

உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பெண்கள் இதைக் கேட்கத் தயங்குகிறார்கள். சேலையோடு கடலில் இறங்குவது ஆபத்தானது. நனைந்த சேலை கால்களைச் சுற்றிக்கொண்டால், முழங்காலளவு நீரிலும் ஓர் அலை தள்ளிவிடும். சுடிதாரோ நீண்ட காற்சட்டையும் தளர்ந்த ரீசேட்டுமோ அணிந்தால் மரியாதைக்கும் குறைவில்லை, கால்களுக்கும் தடையில்லை.

பயணத்துக்கு நானோ ஓயா, நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா, செங்கலடி என்று போகும் வீதியே நேரானது. பேராதனையிலிருந்து செங்கலடி வரை செல்லும் ஏ5 நெடுஞ்சாலையின் பெரும்பகுதி அது. செங்கலடியில் வடக்கே திரும்பினால் வாழைச்சேனை, அதற்குப் பக்கத்தில்தான் பாசிக்குடா. உங்களுக்கு ஏறக்குறைய 250 கிலோமீற்றர் வரும். பசறையிலிருந்து லுணுகலை வரையுள்ள வளைவுகளில் பிள்ளைகள் வாந்தியெடுப்பது வழக்கம் என்பதால் காலைச் சாப்பாட்டை இலேசாகக் கொடுத்து, பதுளையில் ஒரு மணி நேரம் தங்கிப் போங்கள். விடியற்காலை 5 மணிக்குப் புறப்பட்டால், நிறுத்தி நிறுத்திப் போனாலும் பிற்பகலில் சேர்ந்துவிடலாம். திரும்பும்போதும் பகலிலேயே புறப்படுங்கள். பிபிலைக்கும் செங்கலடிக்கும் இடைப்பட்ட பகுதியில் இருட்டிய பின் யானை நடமாட்டம் உண்டு. இரவோடு இரவாக ஓடி ஒரு நாள் வாடகையை மிச்சப்படுத்தலாம் என்று வேன்காரர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள், தூங்காத சாரதியை நம்பி ஒன்பது உயிர்களை ஒப்படைக்க முடியாது. சாரதிக்குப் படுக்க இடம் யார் கொடுப்பது என்பதையும் வாடகை பேசும்போதே தீர்த்துக்கொள்ளுங்கள்.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை, குடாவைச் சுற்றியுள்ள பெரிய ஹோட்டல்கள் உங்களுக்குத் தேவையில்லை. கல்குடா, வாழைச்சேனைப் பக்கத்து விருந்தினர் இல்லங்களில் குடும்பங்கள் வசதியாகத் தங்கலாம். கீழ்த்தளத்து அறையா, கொமட் இருக்கிறதா, கடற்கரைக்கு நடக்கும் தூரம் எவ்வளவு என்ற மூன்றையும் அம்மாவுக்காகக் கேளுங்கள். முழங்கால் வலிக்காரருக்குக் குந்தி இருக்கும் கழிப்பறை நான்கு நாட்களையும் வேதனையாக்கிவிடும். மொழிப் பிரச்சினை அங்கே இல்லை என்பது அம்மாவைப் போன்ற ஒருவருக்கு மிகப் பெரிய ஆறுதல். தென்கரையில் மௌனமாக உட்கார்ந்திருக்கும் எத்தனையோ தாய்மார் பாசிக்குடாவில் இளநீர் விற்கும் பெண்ணோடு ஒரு மணி நேரம் கதைத்துக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். அப்படிப் பேசும்போது ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: 2004 டிசம்பர் 26இல் அந்தக் கரையில் சுனாமி பறிக்காத வீடுகள் குறைவு. அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நாமாகத் தோண்ட வேண்டாம். கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் உடனே உள்நாட்டுப் பக்கம் ஓட வேண்டும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

வெப்பம்தான் அம்மாவைப் பற்றி எனக்குள்ள உண்மையான கவலை. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை. ஓகஸ்டில் மட்டக்களப்புப் பக்கம் பகலில் 33 பாகை அளவுக்கு ஏறும், அத்துடன் கச்சான் காற்றும் சேரும். பிரஷர் மாத்திரைகளில் சில உடலிலிருந்து நீரை வெளியேற்றுபவை. ஆகையால் பயணத்துக்கு முன் கிளினிக்கில் மருத்துவரிடம், வெப்பமான இடத்துக்குப் போவதாகச் சொல்லி ஆலோசனை கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், வீட்டில் மறந்து விட்டுப் போகவும் வேண்டாம். காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை அவர் நிழலில் இருக்கட்டும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் கொடுங்கள்.

போய்ச் சேர்ந்த அன்று மாலையே அவரைக் கடற்கரைக்கு அவசரப்பட்டு அழைத்துப் போகாதீர்கள். பயணக் களைப்பில் எதுவும் மனத்தில் பதியாது. மறுநாள் விடியுமுன் கூட்டிப் போங்கள். கிழக்குக் கரையில் 6 மணி அளவில் சூரியன் கடலிலிருந்து மேலே வரும். உலர்ந்த மணலில் முழங்கால் வலியோடு நடப்பது கடினம், நனைந்த மணல் இறுக்கமாக இருக்கும். எனவே விருந்தினர் இல்லத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கிச் சென்று, பாதத்தை மட்டும் அலை தொடக்கூடிய இடத்தில் போட்டு, இருபுறமும் ஆள் நிற்க அவரை அதில் உட்கார வையுங்கள். இதை நான் பலமுறை செய்திருக்கிறேன்.

வேறு மாதத்தில் போக நேர்ந்தால் சுருக்கமாகச் சொல்கிறேன். டிசம்பர் விடுமுறையின் பிற்பகுதி தெற்குக்கு உகந்தது. ஹட்டனில் கோச்சி ஏறி, கொழும்புக் கோட்டையில் கரையோரக் கோச்சிக்கு மாறி, ஹிக்கடுவை, உனவட்டுன அல்லது மாத்தறைக்கு அருகிலுள்ள பொல்ஹேன என்று போகலாம். முருகைக்கல் தடுப்பு உள்ள பொல்ஹேன பிள்ளைகளுக்கு ஏற்றது. அந்த மாதத்தில் கிழக்கில் மழை. ஏப்ரலில் இரண்டு பருவக்காற்றுகளும் இல்லாததால் இரு பக்கமும் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஆனால் புத்தாண்டுக் கூட்டத்தில் அறைகளின் விலை உயர்ந்துவிடும்.

கடைசியாக அம்மாவின் விருப்பம். ஒன்பது பேர் சொன்னவற்றில், எந்தக் கடல் என்று தெளிவாகத் தெரிந்து கேட்டவர் அவர் ஒருவரே. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்ட நம்மவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அந்தக் கடல் பாசிக்குடாவில் இல்லை. நான்கு நாள் பயணத்தில் இரண்டையும் சேர்க்கவும் முடியாது. எனவே பாசிக்குடாவைக் காட்டி, இதுதான் அந்தக் கடல் என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள். மகாசிவராத்திரிக்கு, பெப்ரவரி அல்லது மார்ச்சில், மலையகத்திலிருந்தும் பலர் திருக்கேதீஸ்வரத்துக்குப் போகிறார்கள். அங்கிருந்து தலைமன்னார் தொலைவில்லை. போரினால் நின்றுபோன தலைமன்னார் கோச்சி 2015இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஹட்டனிலிருந்து பொல்காவலை வரை போய் அங்கே வடக்குப் பாதையின் கோச்சிக்கு மாற வேண்டும். அவருடைய அக்கா அன்று போன பாதையும் அதுவே. தலைமன்னாரில் பழைய இறங்குதுறையின் எச்சம் இன்றும் கடலுக்குள் நீண்டு நிற்கிறது. குளிப்பதற்கான கரை அல்ல அது, ஆகையால் பிள்ளைகளை விட்டுவிட்டு நீங்களும் அம்மாவும் மட்டும் போனாலும் போதும். எந்த வருடம் போவதென்றாலும், நேர அட்டவணையைப் புறப்படும் வாரத்தில் ஹட்டன் ஸ்டேஷனிலேயே நேரில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.